என்பிடெல் விமர்சனம்: இலவசப் பாடத்தில் உண்மையில் கிடைப்பது என்ன?

வீட்டில் இருந்தபடியே, காசு செலவில்லாமல், புதிதாக ஒரு பாடம் படிக்க எங்கே போவது? தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் மாணவரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லும் பெயர் என்பிடெல். 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் தொடங்கிய திட்டம் இது. ஒருங்கிணைப்பு வேலை சென்னை ஐஐடியிலிருந்து நடக்கிறது. முதல் பத்து ஆண்டுகள் வீடியோவும் பாடக்குறிப்பும் மட்டும்தான். வாராந்திரப் பாடம், அசைன்மென்ட், தேர்வு, சான்றிதழ் என்ற முறை 2014-இல் வந்தது. 2017-இல் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் தொடங்கிய பிறகு பதிவு எல்லாம் அதன் வழியாகத்தான்.

கல்லூரியில் கிரெடிட்டுக்காக, அதாவது பட்டத்தில் சேரும் பாடப் புள்ளிக்காக, சேர்கிறவர்களுக்கு இதன் நெளிவு சுளிவுகளைத் துறை ஆசிரியர்களே சொல்லிவிடுவார்கள். இந்த விமர்சனம் வேலையில் இருப்பவர்களுக்கு, வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு, படிப்பை முடித்துப் பல வருடம் கழித்து வேறு துறைக்குத் தாவ நினைப்பவர்களுக்கு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீடியோ மட்டும் போதும் என்றால் என்பிடெல்லில் சேரவே தேவையில்லை, எல்லாம் யூடியூபில் கிடக்கிறது. சேர்வதால் கூடுதலாகக் கிடைப்பது வாராவாரம் கழுத்தைப் பிடிக்கும் கெடுவும், கடைசியில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வும். அவை இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பயிற்சிக் கணக்குகள்தான் சோடை. அவற்றை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பருவமும் கெடுவும்

ஆண்டுக்கு இரண்டு பருவம், ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. பாடங்கள் 4, 8, 12 வாரம் என மூன்று அளவில் வரும். வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேர வீடியோ. அதாவது மொத்தம் 10, 20, 30 மணி நேரம். சேர ஒரு கூகுள் கணக்கு போதும், கட்டணம் இல்லை.

ஒவ்வொரு வாரமும் ஒரு அசைன்மென்ட். கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11:59. அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திச் சமர்ப்பிக்கலாம். கடைசியாக அனுப்பியதுதான் கணக்கில் சேரும். சரியான விடை எது என்பது கெடு முடிந்த பிறகுதான் தெரியும். மதிப்பெண் கணக்கிடும்போது 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3 மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தச் சலுகையைப் பலரும் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். முதல் இரண்டு வாரம் எளிதாகத்தானே இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எளிய மதிப்பெண் இருப்பதே அந்த இரண்டு வாரத்தில்தான். ஐந்தாவது ஆறாவது வாரத்தில் பாடம் செங்குத்தாக ஏறும்போது, காய்ச்சலோ அலுவலக வேலையோ குறுக்கே வந்தால் விட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. முதல் நான்கு வாரத்தை ஒன்றுவிடாமல் முடித்து, விடுப்பைப் பின்பாதிக்குச் சேமித்து வைப்பதே கணக்கு.

இரவு 11:59 என்பதையும் நம்பியிருக்க வேண்டாம். கடைசி அரை மணி நேரத்தில் தளம் திணறும்போது சமர்ப்பித்தது பதிவானதா என்றே தெரியாது. செவ்வாய் இரவே ஒருமுறை அனுப்பிவிட்டு, புதன்கிழமையைத் திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அனுப்பியதும் பக்கத்தில் தேதியும் நேரமும் தெரியும். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

என்பிடெல்லின் மிகப் பெரிய குறை, ஒரே பெயருக்குக் கீழே தரம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு மாறுவது. பழைய பதிவுகளில் பேராசிரியர் வகுப்பறையில் கரும்பலகைக்கு முன் ஒரு மணி நேரம் பேசுவார், கேமரா பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும், எழுத்து பாதிதான் தெரியும். புதியவை பெரும்பாலும் அரை மணி நேரத் துண்டுகள், ஸ்டூடியோ ஒலி. ஆனால் புதியது என்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது. நெருக்கியடித்து எழுதிய பவர்பாயின்ட் பக்கங்களை வரி பிசகாமல் வாசித்துக்காட்டும் பாடங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்டதற்கு வீடியோ எதற்கு, பக்கங்களை இறக்கிப் படித்துக்கொள்ளலாம்.

அறிமுக வீடியோவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது எல்லாப் பாடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தின் நடுவில் இருக்கும் ஒரு வீடியோவைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். ஆசிரியர் கையால் எழுதுகிறாரா, கணக்கைப் படிப்படியாகப் போடுகிறாரா, தவறான வழியையும் காட்டி ஏன் அது தவறு என்கிறாரா என்று கவனியுங்கள். எழுதிக்கொண்டே சொல்கிறவரின் வேகம் நம் கைவேகத்துக்கு ஒத்துப்போகும். சென்னை ஐஐடியின் நாகேந்திர கிருஷ்ணபுரா நடத்தும் மின்சுற்றுப் பாடம் இந்த வகையில் எடுத்துக்காட்டு.

அடுத்து, முன்தகுதி. பாடப் பக்கத்தில் எழுதியிருக்கும் முன்தகுதி வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சென்னை ஐஐடியின் பாலராமன் ரவீந்திரன் நடத்தும் மெஷின் லேர்னிங் பாடத்தில், முதல் வாரத்துக்கு முன்பாகவே நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றை நினைவூட்டும் வீடியோக்கள் உண்டு. அவை நினைவூட்டல், கற்பித்தல் இல்லை. அங்கே வரும் விஷயங்கள் புதிதாகத் தெரிந்தால் அந்தப் பருவம் அந்தப் பாடத்துக்கு உரியதல்ல, கணிதத்துக்கு உரியது. அதே ஐஐடியின் பொறியாளர்களுக்கான டேட்டா சயன்ஸ் பாடம் 8 வாரம், நல்ல பாடம். ஆனால் அதில் பயன்படுத்துவது ஆர் என்ற நிரலாக்க மொழி. பைத்தான் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே விழிக்கிறார்கள். வாரவாரியான பாடத்திட்டம் முகப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிடம் செலவழித்துப் படித்தால் இந்த ஏமாற்றம் வராது.

ஒரு நல்ல பாடம் எப்படி இருக்கும்

நிரலாக்கத்தில் அடியெடுத்து வைப்பவர்களுக்கு மாதவன் முகுந்தின் பைத்தான் பாடத்தைத் தயங்காமல் சொல்லலாம். அவர் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்தவர். 8 வாரம். பைத்தானைக் கருவியாக வைத்துக்கொண்டு, தரவுக் கட்டமைப்பையும் அல்காரிதத்தையும் சொல்லித்தருவதுதான் நோக்கம். ஒரு மொழியின் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வருகிறவர்களுக்கு இது பிடிக்காது.

முதல் வாரமே மீப்பெரு பொதுக் காரணியில் தொடங்குகிறது, நாம் பள்ளியில் மீ.பொ.கா என்று படித்ததேதான். முதலில் இரண்டு எண்களின் காரணிகளையும் பட்டியல் போட்டு, பொதுவானவற்றை எடுத்து, கடைசி எண்ணை விடையாகச் சொல்கிறார். பிறகு இரண்டு பட்டியல் எதற்கு, ஒரே ஓட்டத்தில் பார்க்கலாமே என்கிறார். அப்புறம் பட்டியலே எதற்கு, இரண்டில் சிறிய எண்ணிலிருந்து கீழே இறங்கி வந்தால் முதலில் அகப்படுவதுதானே விடை என்கிறார். கடைசியில் யூக்ளிடின் முறைக்கு வருகிறார்: முதலில் கழித்தல், அடுத்து வகுத்து மீதி காண்பது. 10 இலக்க எண்கள் இரண்டுக்கு முதல் முறை கோடிக்கணக்கான படிகள் ஓட வேண்டும். மீதி காணும் முறைக்கு அதிகபட்சம் 50 படி. ஒரே கணக்கை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தவருக்கு, கணினி வேகமாக இருந்தால் மட்டும் போதாது என்பது தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் மொழியின் அடிப்படை, மூன்றில் லிஸ்ட், பைனரி தேடல், எளிய வரிசைப்படுத்தல், நான்கில் மெர்ஜ் சார்ட், குவிக் சார்ட், டிக்‌ஷனரி, ஐந்தில் பிழைகளைக் கையாளுதல், கோப்புகள், எழுத்துச் சரங்கள். இதுவரை வாரத்துக்கு ஆறு மணி நேரம் போதும். ஆறாவது வாரத்தில் எட்டு ராணிகள் புதிர் வருகிறது. சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்க வேண்டும். வைத்துப் பார்த்து, முட்டினால் பின்வாங்க வேண்டும். அதே வாரத்தில் ஹீப் என்ற தரவுக் கட்டமைப்பு வேறு. பாதிப்பேர் நழுவுமிடம் இதுதான். அதற்கு முந்தைய வாரங்களில் ரிகர்ஷன் (நிரலின் ஒரு பகுதி தன்னையே மறுபடி அழைப்பது) தெளிவாகப் பிடிபடாமல் இங்கே வந்தவருக்கு வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் புரியாது. நான்குக்கு நான்கு கட்டப் பலகையை எடுத்து, நான்கு ராணிகளைப் பென்சிலால் தாளில் வைத்து அழித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். நான்கு கட்டப் பலகைக்குத் தீர்வே இரண்டுதான், முழுதையும் கையால் தேடிவிடலாம்.

ஏழாவது வாரம் கிளாஸ், தேடல் மரம். எட்டாவது வாரம் டைனமிக் புரோகிராமிங். குறுக்கும் நெடுக்குமான வீதிகளில் வலப்புறமும் மேலேயும் மட்டும் போகலாம் என்றால் மூலையிலிருந்து மூலைக்கு எத்தனை வழி என்று கேட்கும் வகை. 5-க்கு 10 கட்டத்தில் 3003 வழி. ரிகர்ஷனில் அப்படியே எழுதினால் அதே மூலையை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் கணக்கிடும். ஒருமுறை கண்டதை அட்டவணையில் குறித்துவைத்தால் கட்டத்துக்கு ஒரு கூட்டல் போதும். முதல் வார மீ.பொ.கா கணக்கில் விதைத்ததை இங்கே அறுக்கிறார்.

இந்தப் பாடத்தில் நிரல் எழுதி அனுப்பும் அசைன்மென்ட்டும் உண்டு, திருத்துவது இயந்திரம். அதனிடம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் திட்டவட்டமானவை. உள்ளீடு வாங்கும்போது "எண்ணைத் தருக" என்பது போல ஒரு வாசகத்தை அச்சிட்டால் அதுவும் விடையின் பகுதியாகிவிடும், சோதனை தோற்கும். ஒரு இடைவெளியோ வரியோ கூடினால் வடிவப் பிழை என்று காட்டும். சில சமயம் அதை மன்னித்து ஏற்றுக்கொள்ளும், எல்லா நேரமும் அல்ல. கண்ணுக்குத் தெரியும் சோதனைகள் சில, மறைவாக ஓடுபவை சில. மதிப்பெண் போவது மறைவானவற்றில்தான். வெற்று லிஸ்ட், ஒரே உறுப்புள்ள லிஸ்ட், எல்லா உறுப்பும் சமமான லிஸ்ட், எதிர்ம எண், மிகப் பெரிய எண் ஆகிய ஐந்தையும் வீட்டிலேயே கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். பதிவு பழையது என்பதால் பைத்தான் நிறுவும் காட்சி இன்றைய திரையோடு ஒத்துப்போகாது. அந்த வீடியோவை மட்டும் விட்டுவிடலாம்.

அசைன்மென்ட்டின் பலவீனம்

எல்லாப் பாடமும் இப்படி இல்லை. பெரும்பாலானவற்றில் அசைன்மென்ட் என்பது பத்துப் பதினைந்து கொள்குறி வினா. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அல்லது ஒரு எண்ணை நிரப்புவது. பக்கத்தில் இருந்த வாசகத்தையே சற்று மாற்றிப்போட்டுக் கேட்கும் வினாக்கள் நிறைய. வீடியோ பார்க்காமலே பாதியை ஊகித்துவிட முடியும் என்றால் அது சோதனையாகாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வாரமும் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் சுற்றுகின்றன. அவற்றில் தவறானவையும் கலந்திருக்கும் என்பது ஒருபுறம். மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம்தான் அசைன்மென்ட். மீதி 75-ஐ மையத்தில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். அங்கே டெலிகிராம் கிடையாது.

வெளியிலிருந்து எதைச் சேர்ப்பது? கணிதத்துக்கு எம்ஐடி ஓபன்கோர்ஸ்வேர். 2001-இல் அறிவித்த திட்டம், பதிவும் கெடுவும் சான்றிதழும் எதுவுமே கிடையாது. ஆனால் பல பாடங்களுக்குப் பயிற்சிக் கணக்கு, பழைய தேர்வுத்தாள், முழு விடை எல்லாம் இருக்கின்றன. கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணிதம், பாட எண் 18.06, இதில் முதலிடம். முதல் வகுப்பே இரண்டு சமன்பாடுகள்: 2x − y = 0, −x + 2y = 3. பள்ளியில் போட்டபடி இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியாக ஒருமுறை வரைகிறார். பிறகு அதையே நெடுவரிசைகளின் கூட்டாகப் பார்க்கச் சொல்கிறார்: (2, −1) என்ற வெக்டரை எவ்வளவு, (−1, 2) என்ற வெக்டரை எவ்வளவு எடுத்தால் (0, 3) வரும்? ஒன்று, இரண்டு. டேட்டா சயன்ஸ் பாடத்தில் பின்னால் வரும் ரிக்ரஷன் (தரவுக்குப் பொருந்தும் கோட்டைக் காண்பது) இந்த இரண்டாவது பார்வை இல்லாமல் நிற்காது. வீடியோ பழையது, 1999-இல் எடுத்தது, படம் மங்கல். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தனியாகப் படிப்பவர்கள் அதன் 18.06எஸ்சி பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தலைப்புக்கும் பயிற்சி ஆசிரியர் ஒருவர் கணக்குப் போட்டுக்காட்டும் சிறு வீடியோவும் அதில் சேர்ந்தே வரும்.

நிரலாக்கப் பயிற்சிக்கு ஹார்வர்டின் சிஎஸ்50. டேவிட் மாலன் நடத்துவது. ஸ்கிராட்சில் தொடங்கி, சி மொழியில் நெடுநேரம் நின்று, பைத்தான், எஸ்க்யூஎல், இணையப் பக்கம் என்று போகும். கிட்ஹப் கணக்கு இருந்தால் போதும், பிரவுசருக்குள்ளேயே நிரல் எழுதலாம். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. திருத்தும் கருவி தவறு என்று சொல்வதோடு நிற்காமல், எந்த உள்ளீட்டுக்கு எந்த விடையை எதிர்பார்த்தது, நம் நிரல் எதைத் தந்தது என்பதையும் காட்டும். ஐந்தாவது வாரத்தில் 1,43,091 சொற்கள் கொண்ட அகராதியை நினைவகத்தில் ஏற்றி எழுத்துப்பிழை பார்க்கும் நிரலை நாமே எழுத வேண்டும். நேரத்தையும் அளந்து சொல்லும். என்பிடெல்லின் எந்தக் கொள்குறி வினாவும் இந்த ஒரு பயிற்சிக்கு ஈடாகாது. எல்லாப் பயிற்சியிலும் இறுதித் திட்டத்திலும் தேவையான மதிப்பெண் வாங்கினால் சிஎஸ்50 தளமே சான்றிதழ் தருகிறது, காசில்லாமல். எட்எக்ஸ் வழியாக வாங்கும் சான்றிதழுக்குத்தான் கட்டணம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டிவிட வேண்டாம்.

கோர்ஸெராவையும் எட்எக்ஸையும் இலவசம் என்று இன்னும் பட்டியலில் சேர்க்கிறார்கள். 2012-இல் தொடங்கியபோது இருந்த தாராளம் இப்போது இல்லை. மதிப்பெண் உள்ள பயிற்சிகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். எட்எக்ஸில் இலவசமாகச் சேர்ந்தால் குறிப்பிட்ட வாரங்களுக்குப் பிறகு பாடமே மூடிக்கொள்ளும். பள்ளிக் கணிதத்தில் ஓட்டை இருப்பவர்களுக்கு மட்டும் கான் அகாடமி. அங்கே வீடியோவைவிடப் பயிற்சிதான் முக்கியம்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது

இரண்டரை மணி நேர வீடியோ என்பதை இரண்டரை மணி நேர வேலை என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதினால் அதுவே நான்கு மணி நேரம் ஆகும். வெளிக் கணக்குக்கு மூன்று, அசைன்மென்ட்டுக்கு ஒன்று. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்க முடியாதவர் 12 வாரப் பாடத்தில் சேர வேண்டாம்; ஒரே பருவத்தில் இரண்டு பாடம் என்பது வேலைக்குப் போகிறவருக்கு நடக்காது.

வரிசையும் முக்கியம். முதலில் அசைன்மென்ட் வினாக்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள், விடை எழுத வேண்டாம். எதைத் தேடிப் பார்க்கிறோம் என்று தெரிந்து வீடியோவுக்குப் போனால் தூக்கம் வராது. விளக்கிப் பேசும் பகுதியை 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டலாம். தருவித்தல் வரும் இடத்தில் சாதாரண வேகம், ஒவ்வொரு சமன்பாட்டுக்கு முன்னும் நிறுத்தி, அடுத்த வரியைத் தாளில் நாமே எழுதிப் பார்க்க வேண்டும். நம் வரியும் ஆசிரியர் வரியும் வேறுபடுகிற இடம்தான் அந்த வாரம் நாம் படிக்க வேண்டிய பாடம். மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தது. வீடியோ முடிந்ததும் உடனே அசைன்மென்ட்டைத் தொட வேண்டாம். ஒரு நாள் கழித்து, குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் போடுங்கள். அப்போதுதான் கையில் நின்றது எது என்று தெரியும்.

நிமிடம், நொடியோடு குறிப்பெடுங்கள்: "வாரம் 4, வீடியோ 3, 12:40, இங்கே ஏன் இரண்டால் வகுத்தார்?" பாடப் பக்கத்தின் கேள்வி-பதில் மன்றத்தில் கேட்கும்போது இதை அப்படியே ஒட்டினால் பாட உதவியாளர் பதில் சொல்வார். "நான்காவது வாரம் புரியவில்லை" என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் முடியாது. பல பாடங்களுக்குப் பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர்கள் வாரம் ஒருமுறை நேரலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். மொத்த ஏற்பாட்டிலும் ஆளோடு ஆள் பேச முடிகிற ஒரே இடம் அதுதான். நுழைவு இணைப்பு அறிவிப்புப் பக்கத்தில் புதைந்து கிடக்கும், தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. 480பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 200 முதல் 400 எம்பி வரை செலவாகும். 12 வாரப் பாடத்துக்கு மொத்தம் பத்து ஜிபி சுற்றுவட்டாரத்தில் வைத்துக்கொள்ளலாம். பலகை எழுத்து தெரிய 480பி போதும். 144பி-க்கு இறக்கினால் அடிக்குறி எண்கள் அழிந்துவிடும், கணக்கே தப்பாகப் பதியும். கைப்பேசித் திரையில் நிரலாக்கப் பாடம் பார்ப்பதும் வீண் வேலை.

தமிழில் கிடைக்குமா? பேச்சு ஆங்கிலத்தில்தான். குறிப்பிட்ட சில பாடங்களுக்கு முழு உரையின் தமிழ் எழுத்துப்படி என்பிடெல் தளத்தின் பதிவிறக்கப் பகுதியில் இருக்கிறது. தொடர்ச்சியாக வாசிக்க அது கடினம். பேச்சை அப்படியே எழுத்தாக்கியதால் "இங்கே பாருங்கள்" என்று வரும், பார்க்க அங்கே படம் இருக்காது. வீடியோவுக்கு முன் ஒருமுறை மேலோட்டமாக ஓட்டிவிட்டுப் போனால் ஆங்கிலப் பேச்சின் வேகம் மிரட்டாது. அந்த அளவுக்கு அது நல்ல துணை. ஆங்கிலப் பாடத்துக்குத் தேர்வும் ஆங்கிலத்தில்தான் என்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே குறிப்பில் எழுதிப் பழகுங்கள்.

தேர்வும் மதிப்பெண்ணும்

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இதைத் தெரியாமல் ஒவ்வொரு பருவமும் அசைன்மென்ட் முழுதையும் முடித்துவிட்டுத் தேர்வைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பருவத்தின் நடுவில் தனிப் படிவம் திறக்கும், அதற்குத் தனிக் கெடு. பாடத்தில் சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் படிவத்தை நிரப்ப வேண்டும். வேறொன்றில் நிரப்பினால் அசைன்மென்ட் மதிப்பெண் தேர்வோடு சேராது. பெயரை அடையாள அட்டையில் இருப்பதுபோலவே, தலைப்பெழுத்தோடு எழுதுங்கள். அதுதான் சான்றிதழில் அச்சாகும்.

கட்டணம் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் என்று பல பருவங்களாக இருந்துவருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி. தேர்வு மூன்று மணி நேரம், காலை 9 முதல் 12 அல்லது பிற்பகல் 2 முதல் 5, மையத்தில் கணினியில். பாடத்துக்கான தேர்வுத் தேதி சேரும்போதே முகப்புப் பக்கத்தில் இருக்கும். அந்த வாரக்கடைசியில் வீட்டில் கல்யாணம் காதுகுத்து ஏதாவது இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

மதிப்பெண் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. அசைன்மென்ட் சராசரியில் 25 சதவீதமும் தேர்வில் 75 சதவீதமும் சேர்த்து 100. ஆனால் 25-க்கு 10-ம், 75-க்கு 30-ம் தனித்தனியே எடுத்திருக்க வேண்டும். அசைன்மென்ட்டில் முழு 25 எடுத்தவர் தேர்வில் 100-க்கு 38 வாங்கினால், அது 75-க்கு 28.5. மொத்தம் 53.5 வந்தும் சான்றிதழ் கிடையாது. அசைன்மென்ட்டில் 20, தேர்வில் 100-க்கு 50 என்றால் மொத்தம் 57.5, சான்றிதழ் உண்டு, எலீட் என்ற மேல்தரம் இல்லை. எலீட்டுக்கு 60, அதோடு வெள்ளி வேண்டுமானால் 75, தங்கத்துக்கு 90. நிரலாக்கத் தேர்வு தனியாக உள்ள பாடங்களில் இந்தக் கணக்கு மாறும், முகப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 1000 ரூபாய் யாருக்குத் தகும்? கல்லூரி மாணவருக்குத் தகும்: 12 வாரத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1, ஒரு பட்டப் படிப்பில் ஒரு பருவத்தில் நடத்தும் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2021-இல் அனுமதித்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது கல்லூரியின் கையில் இருக்கிறது, சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வேலை தேடுகிறவருக்கு இந்தச் சான்றிதழைவிட, சிஎஸ்50-இல் எழுதிய நிரல்களும் சொந்தமாகச் செய்த ஒரு திட்டமும் பேட்டியில் கூடுதலாகப் பேசும். இது ஐஐடி பட்டமும் அல்ல. சுயவிவரத்தில் "ஐஐடியில் படித்தேன்" என்ற தொனியில் எழுதிவிட்டு நேர்முகத்தில் திணறுவதைத் தவிர்க்கலாம். பத்து வாரம் கழித்து ஒரு கூடத்தில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது என்ற பயம் இல்லாவிட்டால் படிக்க மாட்டோம் என்கிற ரகத்தினருக்கு, கிரெடிட் தேவையில்லாவிட்டாலும் அந்த ஆயிரம் வீண்போகாது.

அடுத்த பருவத்தில் சேர நினைப்பவர்களுக்கு ஒன்று. பெரும்பாலான பாடங்கள் அதே பதிவு செய்த வீடியோக்களோடுதான் மறுபடியும் ஓடுகின்றன, அசைன்மென்ட் மட்டும் புதிது. யூடியூபில் இருக்கும் பழைய பிளேலிஸ்டிலிருந்து முதல் மூன்று வாரத்தைப் பருவம் தொடங்கும் முன்பே குறிப்பெடுத்து முடித்துவிட்டால், ஆறாவது வாரத்து ஏற்றத்துக்கு வரும்போது கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னால் இருப்பீர்கள். ஜூலைப் பருவத்துக்கு மே, ஜூன் அதற்கான மாதங்கள். ஜனவரிப் பருவத்துக்கு டிசம்பர்.